பாஷான் ஏரிக்கரையில் அக்காவோடு ஒரு காலை

புனேயின் ஹிஞ்சேவாடியில் குடியிருப்பவர்கள் பறவை பார்க்க அதிக தூரம் போக வேண்டியதில்லை. பெங்களூரு நெடுஞ்சாலையில் வாகட், பாலேவாடி, பாணேர் தாண்டினால் பாஷான் ஏரி வந்துவிடும். வெள்ளைக்காரர் காலத்தில் ராம் நதியை மறித்துக் கட்டியது. பாவ்தன் பக்கமிருந்து வரும் அந்தச் சிற்றாறு இங்கே தேங்கி, மறுபடி இறங்கிப் போய் முளா ஆற்றில் கலக்கிறது. ஆற்றோரம் அடுக்குமாடிகள் பெருகியபின் கழிவுநீரும் சேர்ந்தே வருகிறது. அதைத் தின்று ஆகாயத்தாமரை கொழுக்கிறது. இத்தனைக்கும் நடுவே பறவைகள் இந்த ஏரியைக் கைவிடவில்லை.

நெல்லையிலிருந்து வந்திருந்த அக்காவை மார்கழிக் குளிரில் அங்கே கூட்டிப்போனேன். சிறுவயதில் போலியோ தாக்கியதிலிருந்து அவளுக்குச் சக்கர நாற்காலிதான் கால். "கண்ணாடிக் கட்டடமெல்லாம் பாத்தாச்சு. தண்ணி கெடக்குற எடமா ஒண்ணு காட்டுல" என்று அவள்தான் கேட்டாள்.

கெட்டியான தரை இருக்கும் வரை நாற்காலி தானாக ஓடியது. மண்பாதை தொடங்கியதும் ஒரு வேர் குறுக்கே வந்தது. என் கட்டைவிரல் உயரம்கூட இராது. நடப்பவர் கண்ணில் படவே படாது. நாற்காலியின் முன்சக்கரங்கள் சின்னவை. அந்த வேரில் முட்டியதும் வண்டி நின்றுவிட, அக்கா முன்னால் சாய்ந்தாள். "தள்ளாத, திருப்பு" என்றாள். நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரம் முதலில் ஏறும்படி பின்பக்கமாக இழுத்தேன். ஏறிவிட்டது. அடுத்த வேருக்கும் அதே வித்தைதான். ஆனால் அப்படி இழுக்கும்போது ஏரிக்கு முதுகு காட்டித்தான் அவள் போக வேண்டியிருந்தது.

நான் எதிர்பாராத தடை இன்னொன்று. கரையோரம் மார்பளவு புதர். எனக்கு ஏரி முழுக்கத் தெரிகிறது. புள்ளிமூக்கு வாத்துகள், நீர்க்காகம், சிவந்த நெற்றியோடு நீலத் தாழைக்கோழி என்று நான் அடுக்கிக்கொண்டே போகிறேன். அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் இலை. உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடி உயரத்தில்தான் இருக்கிறது. பறவை பார்க்கும் மாடங்களின் திறப்பும், மரப்பாலங்களின் கைப்பிடிக் கம்பியும் நிற்பவரை மனதில் வைத்தே பெரும்பாலும் கட்டப்படுகின்றன. சரிவுப்பாதை போட்டு ஒருவரை உள்ளே கூட்டிவந்துவிட்டு, கண்ணுக்கு நேரே ஒரு கம்பியை நிறுத்திவைத்தால் அந்தச் சரிவுப்பாதையால் என்ன பயன்?

புதர் விலகிய ஓர் இடத்தில் நாற்காலியை நிறுத்தினோம். ஆகாயத்தாமரை இலைகள் மேல் ஓர் இலைக்கோழி. உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளத்தில் விரல்கள். அவற்றை விரித்து எடையைப் பரப்பி வைப்பதால்தான் இலை அமிழ்வதில்லை. ஓர் இலையின் ஓரத்தை அலகால் புரட்டி, அடியில் எதையோ கொத்தியது. கரையில் நான் அசைந்தபோதெல்லாம் தலை தூக்கியது. அக்காவை அது பொருட்படுத்தவே இல்லை. தாழ்வாக, ஆடாமல் அசையாமல் இருக்கும் உருவத்துக்குப் பறவை சீக்கிரம் பழகிவிடும். பொறுமையாகப் பறவை பார்க்க அக்காவைப்போன்றவர்களே தகுந்தவர்கள் என்று எனக்குப் பட்டது.

"கூந்தன்குளத்துல தெருவுல இருந்தே பாத்தோமே" என்றாள். உண்மைதான். நாங்குநேரிப் பக்கத்து அந்தக் கிராமத்தில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வீட்டோர மரங்களிலேயே கூடு கட்டும். பறவைகள் மிரளும் என்று ஊரார் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. தனிப்பாதை எதுவும் தேவைப்படவில்லை; ஊரின் தெருவே பாதையாகிவிட்டது.

எல்லா நீர்நிலைக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை, பாதை போட்டுத்தான் ஆக வேண்டும். அதற்கான கணக்கு புதிதல்ல. ஓர் அடி ஏற்றத்துக்கு 12 அடி நீளமாவது சரிவு வேண்டும். பலகைகளை நடக்கும் திசைக்குக் குறுக்காகப் பதிக்க வேண்டும், நெடுக்காகப் பதித்தால் சக்கரம் இடுக்கில் மாட்டும். ஓரத்தில் சக்கரம் சறுக்காதபடி சிறு விளிம்பு வேண்டும். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது, பிறகு சீரமைத்தார்கள். அலையை அருகில் பார்த்தே இராதவர்கள் முதல்முறை அந்தப் பாதையின் முனை வரை போன படங்களைப் பார்த்தவர்கள், இதெல்லாம் வீண்செலவு என்று சொல்ல மாட்டார்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலேயே வந்துவிட்டது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் வசதிக்கான விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, மீற முடியாத கட்டாய விதிகள் வேண்டும் என்று சொல்லி மத்திய அரசுக்கு 3 மாத அவகாசம் கொடுத்தது. பூங்காவும் ஏரிக்கரையும் பொது இடங்கள்தானே.

வீடு திரும்பியதும் அக்கா சொல்லச் சொல்ல ஒரு மனு எழுதினேன். அவள் பெரிதாக எதையும் கேட்கவில்லை. வேர்களை வெட்டாமல், அவற்றின்மேல் கல்தூள் கொட்டிக் கெட்டிக்க வேண்டும். நாற்காலி திரும்பும் அளவுக்கு 5 அடி அகலத்தில் ஆங்காங்கே இடம் விட வேண்டும். அந்த இடங்களுக்கு எதிரே மட்டும் புதரை முழங்கால் உயரத்துக்குக் கத்தரித்தால் போதும். "மிச்சப் புதர் பறவைக்கு வேணும், தொடாதீங்கன்னு எழுது" என்றாள். அப்படியே எழுதியிருக்கிறேன்.