ஆடிக் காற்றில் தேரிக்காடு

தமிழ்நாட்டில் பாலைவனம் உண்டா என்று யாராவது கேட்டால் சிரித்துவிடாதீர்கள். திருச்செந்தூர் முருகனைத் தரிசித்துவிட்டு, கடலோரச் சாலையில் தெற்கே குலசேகரன்பட்டினத்துக்குப் புறப்படுங்கள். வழியில் மேற்கே கொஞ்சம் ஒதுங்கினால் போதும். செக்கச் செவேலென்று மணல் மேடுகள்! ஆங்காங்கே பனை, கொல்லாமரம், உடைமரம். இதுதான் தேரிக்காடு. குதிரைமொழித் தேரி என்றால் இந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. மணல் துகளின்மேல் படிந்த இரும்புத் துருதான் அந்தச் சிவப்பு.

இவ்வளவு மணலையும் இங்கே கொண்டுவந்து குவித்தவர் யார் தெரியுமா? சாட்சாத் வாயு பகவான்தான்! தென்மேற்குப் பருவக் காற்று தன் மழையையெல்லாம் மலைக்கு மேற்கே கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழி போன்ற கணவாய்களின் வழியே வறண்ட காற்றாக இந்தச் சமவெளியில் பாய்கிறது. வைகாசி முதல் ஆவணி வரை அதன் ராஜ்யந்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அம்மியே பறக்கும்போது மோட்டார் சைக்கிள் எம்மாத்திரம்?

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஓர் ஆடி மாதப் பிற்பகல். பின்னால் என் மனைவி. வலப்புறமிருந்து மேல்காற்று தள்ளியது. நானும் வண்டியை வலப்புறம் சாய்த்து, கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு வீராதி வீரனைப்போல் ஓட்டினேன். எதிரே ஒரு லாரி வந்தது. அது காற்றை மறைத்த கணத்தில், சாய்ந்திருந்த வண்டி லாரியை நோக்கியே ஓடிற்று! திடுக்கிட்டுத் திருப்பினேன். அதற்குள் லாரி கடந்துவிட, காற்று மறுபடி ஓங்கி அறைந்தது. அடுத்த விநாடி, இருவரும் சாலையோர மணலில் கிடந்தோம். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. எனக்கு மானம் போயிற்று. லாரிச் சக்கரம் எவ்வளவு அருகில் போயிற்று என்பதை நினைத்தால் இன்றும் உடல் நடுங்குகிறது.

பனையேறும் பெரியவர் ஒருவர் ஓடிவந்து தூக்கிவிட்டார். "காத்தோட மல்லுக்கு நிக்கப்படாது, தம்பி! பனையைப் பாருங்க. அடி அசையாது, தலையை மட்டும் காத்துக்குக் கொடுத்துரும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் முழு வித்தையும் அடங்கியிருக்கிறது. முழங்கால்களால் பெட்ரோல் டாங்கியை அணைத்துக்கொள்ளுங்கள். அதுதான் பனையின் அடி. தோளையும் கையையும் தளர்த்தி விடுங்கள். கை விறைத்தால் காற்றின் ஒவ்வொரு அறையும் நேரே சக்கரத்துக்குப் போய்விடும். வேகத்தைக் குறையுங்கள். லாரியோ பஸ்ஸோ எதிரே வந்தால், இடப்புறம் கொஞ்சம் இடம் வைத்துக்கொண்டே விலகுங்கள். காற்று நிற்கும், உடனே திரும்பி வரும் என்று மனத்தைத் தயாராக வைத்திருங்கள். பனந்தோப்பு முடிகிற இடத்திலும், நெடுஞ்சுவர் முடிகிற இடத்திலும் இதே கதைதான்.

தார்ச் சாலையில் மணல் படிந்திருந்தால் பிரேக்கைத் தொடாதீர்கள், திரும்பாதீர்கள். அதற்கு முன்பே வேகத்தைத் தணித்து, வண்டியை நிமிர்த்தி, நேரே கடந்து போங்கள். ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். சேலை முந்தானையும் துப்பட்டாவும் இடுப்பில் இறுகச் செருகியிருக்கட்டும். கண் மறைக்கும் அளவுக்குப் புழுதி எழுந்தால், சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி நின்றுவிடுங்கள். வண்டியை நிறுத்தும்போது காற்று அதை ஸ்டாண்டின் பக்கமே சாய்க்கும்படி நிறுத்துங்கள். ஸ்டாண்டு மணலில் புதையாமல் அடியில் ஒரு தட்டைக் கல் வையுங்கள்.

தேரி மேட்டில் ஏற ஆசையா? வண்டியை விட்டுவிட்டு நடந்து போங்கள். அதில் பெரும் பகுதி வனத்துறையின் காப்புக் காடு. டயர் கிழித்த இடத்தில் காற்று மணலை மறுபடி கிளப்பிவிடும்.

முத்தாரம்மன் தசராவுக்கு லட்சக் கணக்கில் ஜனங்கள் வேஷம் போட்டுக்கொண்டு வரும் குலசையில், 2024 பிப்ரவரி 28-ம் தேதி ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். விண்ணுக்குப் பறக்கிற ராக்கெட்டையே மேலே காற்று எப்படியிருக்கிறது என்று பலூன் விட்டுப் பார்த்த பிறகுதான் ஏவுகிறார்கள். இரண்டு சக்கரத்தில் போகிற நாம், புறப்படும் முன் பனையோலை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று ஒரு தடவை பார்த்தால் என்ன குறைந்துவிடும்?