எத்தனை பந்துல எத்தனை?

தஞ்சாவூர்க்காரனுக்குச் சொந்தமா ஒரு கிரிக்கெட் டீம் கிடையாது. 2016-ல் டி.என்.பி.எல். ஆரம்பிச்சப்போ காரைக்குடிக்கு ஒண்ணு, திண்டுக்கல்லுக்கு ஒண்ணு, தூத்துக்குடிக்கு ஒண்ணுன்னு மொத்தம் எட்டு இலை போட்டாங்க. எங்களுக்கு இலை விழலை. பெரிய கோயில் இருக்கு, வீணை இருக்கு, தலையாட்டி பொம்மை இருக்கு. டீம் மட்டும் இல்லை.

கபடின்னா கதை வேற. தஞ்சாவூர்லேர்ந்து மன்னார்குடி போற வழியில வடுவூர். வெளியூர்க்காரங்களுக்கு அது பறவைகள் வர்ற ஏரி, அழகான ராமர் கோயில். எங்களுக்கு அது கபடி ஊர். 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் போட்டியில தங்கம் வாங்கின இந்தியக் கபடி அணியில வடுவூர்ப் பையன் அபினேஷ் மோகன்தாஸ் இருந்தார். அன்னைக்கு எங்க பக்கத்து டீக்கடையில எல்லாருமே அவருக்கு மாமன், மச்சான்!

ஆனா, கிரிக்கெட்டுன்னா சென்னைதான். சுமார் 340 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊரின் டீம் எங்க டீம். சேப்பாக்கத்தை வெளியில நின்னுகூடப் பார்க்காதவங்கதான் எங்க தெருவுல முக்காவாசிப் பேர். இருந்தும் டாஸ் தோத்தா எங்க வீட்டுல சோறு இறங்காது.

ஒரே ஒரு வித்தியாசம். மத்த ஊர் ரசிகன் தன் டீமோட கதையைக் கோப்பைக் கணக்குல சொல்வான். நாங்க தண்ணிக் கணக்குல சொல்வோம்.

தை மாசம் சம்பா அறுவடை முடியும். அறுக்கிறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடியே ஈரத்துல தெளிச்ச உளுந்தும் பயறும் பங்குனியில கைக்கு வந்துடும். அதுக்கப்புறம் ஜூன் 12-ம் தேதி மேட்டூர் அணை திறந்து, கல்லணைக்குத் தண்ணி வந்து, வாய்க்கால்ல ஏறுற வரைக்கும் வயல் சும்மா கிடக்கும். அந்த வயல்தான் எங்க மைதானம். வரப்பு தாண்டினா நாலு, வாய்க்கால் தாண்டினா ஆறு. மூங்கில் குச்சி மூணு நட்டா ஸ்டம்ப். ‘மாபெரும் கிரிக்கெட் போட்டி’ன்னு சுவரொட்டி ஒட்டி, சுழற்கோப்பை வாங்கி, மைக் செட் கட்டி, நாலு ஊர் டீம் வந்து ஆடும். ஐ.பி.எல்.லும் அதே சித்திரை, வைகாசியிலதான் நடக்கும். பகல்ல வயல்ல, ராத்திரி டி.வி.யில.

தண்ணி வந்துட்டா ஆட்டம் முடிஞ்சது. பிட்ச் நாத்தங்கால் ஆயிடும். பேட் பிடிச்ச கை வரப்பு வெட்டப் போயிடும். அதுல ஒருத்தனுக்கும் வருத்தம் கிடையாது.

2011-ஐ எங்க சித்தப்பா மறக்கவே மாட்டார். மே 28-ம் தேதி சேப்பாக்கத்துல பெங்களூருவை 58 ரன்ல ஜெயிச்சுக் கோப்பை. அடுத்த ஒன்பதாவது நாள், ஜூன் 6-ம் தேதியே மேட்டூரைத் திறந்துட்டாங்க. “ஒரே வாரத்துல ரெண்டு சீர் வந்த மாதிரி இருந்துச்சுடா” என்பார்.

அடுத்த வருஷமே எல்லாம் தலைகீழ். 2012 மே 27. அதே சேப்பாக்கம், இறுதிப் போட்டி, 190 ரன் அடிச்சும் கொல்கத்தாகிட்ட தோத்தோம். பிஸ்லா என்கிற பேரை எங்க ஊர்ல இன்னைக்கும் யாரும் நல்லபடியா உச்சரிக்கிறதில்லை. தோல்வி ஒரு வாரத்துல ஆறிடுச்சு. தண்ணிதான் வரலை. ஜூன் போச்சு, ஜூலை போச்சு, செப்டம்பர் 17-ம் தேதிதான் மேட்டூர் திறந்தது. குறுவை அவ்வளவுதான்.

அதுலேர்ந்து வரிசையா எட்டு வருஷம், 2012 முதல் 2019 வரை, ஒரு ஜூன் 12-கூட எங்களுக்கு ஜூன் 12-ஆ இருக்கலை. பம்புசெட் இருக்கிறவன் குறுவை போட்டான். இல்லாதவன் வானத்தையும் பேப்பரையும் பார்த்தான். பசங்களுக்கு மட்டும் விளையாட இடம் கூடிக்கிட்டே போச்சு. வைகாசியில முடிய வேண்டிய டோர்னமென்ட் ஆடி வரைக்கும் நடந்தது. வயல் பத்தலைன்னா ஆத்துக்குள்ளயே இறங்கி ஆடினாங்க. பிள்ளைகள் சந்தோஷமா விளையாடுறதைப் பார்த்து அப்பன்கள் வயிறு எரிஞ்ச காலம் அது.

2016, 2017... அந்த ரெண்டு வருஷம் டீமும் இல்லை. சூதாட்ட விவகாரத்துல 2015 ஜூலையில லோதா கமிட்டி ரெண்டு வருஷத் தடை போட்டுச்சு. தோனி புனே சட்டையில ஆடினதைப் பார்த்துட்டு சித்தப்பா சொன்னார்: “நம்ம பிள்ளை அடுத்த வீட்டு விசேஷத்துல பந்தி பரிமாறுற மாதிரி இருக்கு.” அதே 2016-ல மேட்டூர் திறந்தது செப்டம்பர் 20. பின்னாலயே வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 ஜனவரியில தமிழ்நாடு முழுக்க வறட்சின்னு அரசே அறிவிச்சது. நம்ம விவசாயிங்க டெல்லி ஜந்தர் மந்தர்ல மண்டை ஓட்டோட 41 நாள் உட்கார்ந்திருந்தாங்க. தண்ணியும் இல்லாம டீமும் இல்லாம நாங்க உட்கார்ந்திருந்தது இங்கே.

2018-ல் ரெண்டும் ஒண்ணா வாசலுக்கு வந்தது.

பிப்ரவரி 16-ம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நடுவர் மன்றம் சொன்ன 192 டி.எம்.சி., 177.25 ஆகக் குறைஞ்சது. சரி, அதையாவது ஒழுங்கா வாங்கித் தர ஒரு அமைப்பு வரட்டும்னு காத்திருந்தோம். ஆறு வாரக் கெடு மார்ச் 29-ம் தேதியோட முடிஞ்சது. அமைப்பு வரலை. ஏப்ரல் 5-ம் தேதி பந்த். 7-ம் தேதி முக்கொம்புலேர்ந்து காவிரி உரிமை மீட்புப் பயணம் கிளம்பினது. அதே 7-ம் தேதி ராத்திரி, மும்பையில ரெண்டு வருஷம் கழிச்சு மஞ்சள் சட்டை இறங்குது. பிராவோ 30 பந்துல 68. காலை இழுத்துக்கிட்டே திரும்பி வந்த கேதர் ஜாதவ் கடைசி ஓவர்ல ஆறும் நாலும் அடிச்சு, ஒரு விக்கெட்டுல ஜெயிச்சோம். பகல்ல கோஷம் போட்ட அதே தொண்டை ராத்திரி விசில் அடிச்சது. அப்போ எங்களுக்கு அதுல ஒரு முரணும் தெரியலை.

மூணு நாள்ல தெரிஞ்சது.

ஏப்ரல் 10, சேப்பாக்கத்துல மேட்ச். தமிழ்நாடே காவிரிக்காகக் கொதிக்கிறப்போ கிரிக்கெட் ஒரு கேடான்னு ஒரு பக்கம். விளையாட்டை ஏன் இதுல இழுக்கிறீங்கன்னு ஒரு பக்கம். வீரர்கள் கறுப்பு பேட்ஜ் குத்திக்கிட்டு ஆடட்டும்னு ரஜினி ஒரு யோசனை சொன்னார். அன்னைக்கு நான் ஊர்ல இருந்தேன். சித்தப்பாவுக்கு ஒரத்தநாடு பக்கம் பத்து மா நிலம், வாய்க்காலோட கடைசியில. அவர் காலையிலேயே தீர்ப்பு சொல்லிட்டார்.

“இன்னைக்கு நம்ம வீட்டுல டி.வி. கிடையாது. தண்ணி வரட்டும், அப்புறம் பந்து வரட்டும்.”

வழக்கமா அவர் வீட்டுத் திண்ணையில கூடுற பசங்க முணுமுணுத்துக்கிட்டே வடக்குத் தெருவுக்குப் போயிட்டாங்க. அந்தத் தீர்ப்புல இருந்த சிக்கல் சித்தப்பாவுக்குத் தெரியாது. சித்திக்கும் எனக்கும் தெரியும். சென்னையில வேலை பார்க்கிற அவர் மகன் அன்னைக்கு மேட்சுக்கு டிக்கெட் வாங்கி வெச்சிருந்தான்.

சாயங்காலம் நியூஸ்ல அண்ணா சாலை. எங்க பார்த்தாலும் கூட்டம், போலீஸ், தள்ளுமுள்ளு. மஞ்சள் சட்டை போட்டு வந்தவங்களை நிறுத்துறாங்க, சிலருக்கு அடி விழுது. சித்தி முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு, “ஏங்க... தம்பி மேட்ச் பார்க்கப் போயிருக்கானுங்க” என்றார்.

சித்தப்பா எதுவும் பேசலை. போன் போட்டார். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி போட்டார். அவன், உள்ளே போன் விடமாட்டாங்கன்னு யாரோ சொன்னதை நம்பி ரூம்லயே வெச்சுட்டுப் போனது எங்களுக்கு அப்போ தெரியாது.

அடிக்கிறவங்க கேட்கிறது இவருக்கு வேண்டிய தண்ணி. அடி வாங்குறது இவர் பெத்த பிள்ளையா இருக்கலாம். யார் பக்கம் நிக்கிறது? வாசலுக்கும் கூடத்துக்கும் நாலு தடவை நடந்தார். எட்டு மணிக்கு அவரே போய் டி.வி.யைப் போட்டார்.

மேட்ச் பார்க்க இல்லை. கேலரியைப் பார்க்க.

கேமரா ஆட்களைக் காட்டுறப்போ எல்லாம் முன்னாடி குனிவார். பந்தைக் காட்டினா நிமிர்ந்து உட்கார்ந்துக்குவார். ரஸல் 11 சிக்ஸர் அடிச்சு 88 எடுத்தது அவர் கண்ணுல படவே இல்லை. நடுவுல மைதானத்துக்குள்ள செருப்பு வந்து விழுந்தது. “யாருடா அது?” என்றவர் குரல்ல கோபமா பயமான்னு தெரியலை. விஷயம் தெரிஞ்சு வடக்குத் தெரு பசங்க ஒவ்வொருத்தனா வந்து திண்ணையில உட்கார்ந்துட்டாங்க. யாரும் விசில் அடிக்கலை.

203 எடுக்கணும். சாம் பில்லிங்ஸ் 23 பந்துல 56 அடிச்சுட்டுப் போனார். கடைசி ஓவர் வந்தது. கேலரியை விட்டு சித்தப்பா கண்ணு ஸ்கோர் பக்கம் நகர்ந்தது. கண்ணாடியைக் கொண்டுவர மறந்துட்டார் போல. மெதுவா, யாருக்கும் கேட்கக் கூடாதுங்கிற மாதிரி கேட்டார்:

“எத்தனை பந்துல எத்தனைடா?”

“ஆறுல பதினேழு சித்தப்பா.”

முதல் பந்தே நோ பால், அதுலயே பிராவோ சிக்ஸர். ஒரு பந்து மிச்சம் இருக்கும்போது ஜடேஜா தூக்கி அடிச்சார். ஆறு. பசங்க எழுந்துட்டானுங்க. சித்தப்பாவும் பாதி எழுந்து, அப்படியே உட்கார்ந்துட்டார். கண்ணைத் துடைச்சுக்கிட்டார். அது எதுக்குன்னு நான் கேட்கலை.

ராத்திரி ஒரு மணிக்குப் போன் வந்தது. “மஞ்ச சட்டைக்கு மேல நீலச் சட்டை போட்டுட்டுப் போனேம்ப்பா. ஒண்ணும் ஆகலை” என்றான். “ஏண்டா போன?”ன்னு கேட்பார்னு நினைச்சோம். “சாப்பிட்டியாடா?” என்றார்.

மறுநாளே மிச்ச மேட்ச் எல்லாம் புனேவுக்குப் போகுதுன்னு செய்தி வந்தது. மூணு வருஷம் கழிச்சு வந்த டீம் ஒரே ராத்திரி தங்கிட்டுக் கிளம்பிடுச்சு. ஏப்ரல் 19-ம் தேதி சென்ட்ரல்லேர்ந்து ‘விசில் போடு எக்ஸ்பிரஸ்’னு ஒரு தனி ரயிலே விட்டாங்க. ஆயிரம் பேர் போல மஞ்சள் சட்டையோட புனே போனாங்க. மறுநாள் வாட்சன் 106 அடிச்சு அந்த ரயில் காசைத் திருப்பிக் கொடுத்தார். அவரே மே 27-ம் தேதி மும்பை இறுதிப் போட்டியில முதல் பத்துப் பந்து ரன்னே எடுக்காம நின்னு, அப்புறம் 57 பந்துல 117. ஆறு வருஷம் முன்னாடி சேப்பாக்கத்துல தோத்த அதே மே 27. எங்க தெருவுல அன்னைக்கு வெடி வெடிச்சது. ஆனா இன்னைக்கும் நாலு பேர் கூடினா பேசுறது அந்த வெடி இல்லாத ஏப்ரல் ராத்திரியைத்தான். கோப்பை ஜெயிச்ச ராத்திரி எல்லா ஊர் ரசிகனுக்கும் உண்டு. ஜெயிச்சும் விசில் அடிக்க வாய் வராத ராத்திரி எங்களுக்குத்தான் வாய்ச்சது.

காவிரி மேலாண்மை ஆணையம் ஜூன் 1-ம் தேதி அரசிதழ்ல வந்தது. ஜூலை 19-ம் தேதி மேட்டூர் திறந்து, 23-ம் தேதி அணை 120 அடியைத் தொட்டுச்சு. அணை நிரம்பி வழிஞ்சும் கடைமடைக்கு வந்துசேர வெகுநாள் ஆச்சு. எங்க வாய்க்கால்ல வந்த அன்னைக்குப் பசங்க தண்ணியோட தலைப்பு கூடவே வரப்புல ஓடினாங்க. பிட்ச் மேல முதல் நுரை ஏறுச்சு. ஒருத்தன் கத்தினான்: “ஆல் அவுட்டு!” அந்தச் சந்தோஷமும் நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் வர்ற வரைக்கும்தான். அது தனியா எழுத வேண்டிய கதை.

2023 இறுதிப் போட்டி ராத்திரி அகமதாபாத்துல மழை கொட்டினப்போ, சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டு மழை நிக்கணும்னு வேண்டினார். “அறுவடை நேரம் தவிர, ஆயுசுக்கும் மழை வேணும்னுதான்டா கேட்டிருக்கேன். இன்னைக்கு ஒரு நாள் மாத்திக் கேட்கிறேன், சாமி குழம்பிடப் போவுது.” கடைசி ரெண்டு பந்துல பத்து ரன் வேணும். ஜடேஜா ஆறும் நாலும் அடிச்சார். சாமி குழம்பலை.

2025 ஜூன் 3-ம் தேதி பெங்களூரு முதல் தடவையா கோப்பை வாங்கினது. 18 வருஷக் காத்திருப்பு. எங்க தெருவுல அதுக்கு ஏகப்பட்ட கிண்டல். காவிரியை வெச்சும் கிண்டல், கோப்பையை வெச்சும் கிண்டல். மறுநாள் சாயங்காலம் சின்னசாமி ஸ்டேடிய வாசல்ல, கொண்டாட வந்த கூட்டம் நெரிசல்ல சிக்கி 11 பேர் செத்துட்டாங்கன்னு நியூஸ் வந்தது. டி.வி.யில வாசல் முழுக்க செருப்பா கிடந்தது. கிண்டல் அடிச்ச பசங்க வாயை மூடிக்கிட்டாங்க.

சித்தப்பா ரொம்ப நேரம் அந்தச் செருப்புகளையே பார்த்துட்டு இருந்தார்.

“வீட்டுல சொல்லிட்டுப் போயிருப்பானுங்களோ, சொல்லாமப் போயிருப்பானுங்களோ...” என்றார். அப்புறம் எழுந்து உள்ளே போய், சென்னையில இருக்கிற மகனுக்குப் போன் போட்டார்.

எட்டு நாள் கழிச்சு ஜூன் 12. மேட்டூர் சொன்ன தேதிக்குத் திறந்தது. எங்க வயல்ல பசங்க ஸ்டம்பைப் பிடுங்கிட்டாங்க.