வெள்ளை விளக்கு, நீல விளக்கு

கொல்கத்தாவின் விதான்நகரில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடி. வரவேற்பறைச் சுவரை ஒட்டி நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதில் ஏறத்தாழ 240 லிட்டர் உப்புநீர். அதன்மேல் எந்த விளக்கை எரிப்பது என்பதில் அவ்வீட்டுக் கணவனுக்கும் மனைவிக்கும் பல்லாண்டு காலமாக வழக்கு இருந்தது. அவர் தொலைபேசித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுவயதில் ஞாயிறுதோறும் பாக்பஜாரின் காலிஃப் தெருச் சந்தையில் பிளாஸ்டிக் பையில் மீன் வாங்கி வந்து, நன்னீர்த் தொட்டியில் தொடங்கி, ஐம்பது வயதுக்கு மேல் கடல்தொட்டிக்கு வந்து சேர்ந்தவர். மனைவி பெண்கள் பள்ளியொன்றில் ஓவிய ஆசிரியை.

அவர் நீலத்தின் பக்கம். மாலையில் வெள்ளை அணைந்து நீலம் மட்டும் எரியும்போது, பகலெல்லாம் மங்கிக் கிடந்த பவளவகைகள் உள்ளிருந்து பற்றிக்கொண்டவைபோலப் பச்சையும் ஆரஞ்சுமாய் ஒளிரும். விருந்தினர் வந்தால் அவர் கை முதலில் நீலத்தின் பொத்தானுக்குத்தான் போகும். மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "மீன் வளர்க்கிறோமா, ஜகத்தாத்ரி பூஜைக்குச் சந்தன்நகர் விளக்குக்காரர்களைக் கூப்பிட்டிருக்கிறோமா?" என்பது அவருடைய நிலையான கேள்வி. அந்த ஒளியில் கோமாளி மீனின் ஆரஞ்சு செத்துப்போகிறது, சோபாவில் அமர்ந்திருப்பவர் முகம் பிணத்தின் முகமாகிறது என்றும் அவர் சொல்வதுண்டு. இரண்டும் உண்மை.

கணவரிடம் இருந்த வலுவான வாதம் இயற்கை என்பது. கடலுக்குள் இறங்க இறங்க வெள்ளொளி வெள்ளொளியாக நிற்பதில்லை. நீர் சிவப்பை முதலில் விழுங்குகிறது. முதல் ஐந்தாறு மீட்டருக்குள் அதன் பெரும்பகுதி போய்விடும். பின்னர் மஞ்சள் குறைகிறது. தெளிந்த வெப்பக்கடலில் ஆழத்திற்கு எஞ்சிச் செல்வது நீலம். இங்கே அவர் தவறாமல் ராமனை இழுப்பார். 1921இல் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சி. வி. ராமன், கடலின் நீலம் வானத்து நீலத்தின் எதிரொளிப்பே என்று ராலே பிரபு சொல்லியிருந்ததை ஏற்கவில்லை. கப்பல் தளத்தில் நின்று ஒரு நிக்கல் பட்டகத்தின் வழியே கடலைப் பார்த்தார். மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியைப் பட்டகம் நீக்கிவிட்டது. நீலம் நீங்கவில்லை, மேலும் துலங்கியது. அந்தக் கேள்வியைத் தொடர்ந்து போன பாதைதான் 1928இல் இதே கல்கத்தாவின் பௌபஜார் தெரு ஆய்வகத்தில் ராமன் விளைவாக முடிந்தது. (கடல்நீலத்துக்கு ராமன் சிதறலையே முதற்காரணமாகக் கொண்டார், நீர் சிவப்பை உட்கவர்வதற்குப் பெரும்பங்கு உண்டென்பது இன்றைய நிலை. அவர் அதை விவாதத்தில் சொல்வதில்லை.)

நீலம் என்ற சொல்லே எளிதில் பிடிபடுவதல்ல. பழந்தமிழில் அது கருமையோடு கலந்தே நின்றது. சிவனின் கழுத்து ஒன்றுதான். கறைமிடறு, மணிமிடறு, நீலகண்டம் என்று அதற்கு மூன்று பெயர். இருளுக்கும் நீலமணிக்கும் இடையே மொழி கோடு கிழிக்காமல் விட்டிருந்தது. பெர்லினும் கேயும் 1969இல் முன்வைத்த வண்ணச்சொற்களின் வரிசையில், மொழிகள் கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள் ஆகியவற்றுக்குப் பின்னரே நீலத்துக்குத் தனிச்சொல் பெறுகின்றன. அவ்வரிசை பின்னர் பலவாறு திருத்தப்பட்டது. எனினும் நீலம் காலம் தாழ்த்தி வருகிறது என்ற செய்தி நின்றது. நீலத்தை இருளின் உறவாகக் கொள்ளும் பழக்கம் சொல்லில் மட்டும் இல்லை, கண்ணிலும் இருக்கிறது. இந்த வீட்டில் நேர்ந்த தவறு அங்கிருந்துதான் தொடங்கியது.

தொட்டியில் இருந்தவை என்னவென்று சொல்லியாக வேண்டும். பவளத்திட்டை எழுப்பும் கல்பவளங்கள் 2001இலேயே இந்திய வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன; புலிக்கு உள்ள காப்பு அவற்றுக்கும் உண்டு. ஆகவே இங்கே இருந்தவை மென்பவளங்களும், கடைக்காரர்கள் 'மஷ்ரூம்' என்று விற்கும் டிஸ்கோசோமா என்னும் காளான் வடிவ உயிர்களும்தாம். உள்ளங்கை அளவுத் தட்டு, விளிம்புவரை ஓடும் பச்சைக் கோடுகள், அடியில் பழுப்பு. அந்தப் பழுப்பு அதனுடையதன்று. திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகளுடையது. பாசி ஒளியை உணவாக்கி வீட்டுக்காரருக்குப் பெரும்பங்கைக் கொடுக்கிறது. வாடகைக்குக் குடியிருப்போர் உலையும் வைத்துத் தரும் ஏற்பாடு. பச்சைக் கோடுகளோ அவ்வுயிர் தானே செய்துகொள்ளும் புரதம். அது நீல ஒளியை வாங்கிப் பச்சையாகத் திருப்பித் தருகிறது. தமிழ்ப் பாடநூல்கள் இதற்கு உடனொளிர்தல் என்று பெயர் வைத்தன. விளக்கை அணைத்த பின்னும் தொடர்வது நின்றொளிர்தல். பவளத்தில் நிகழ்வது முன்னது. 1999இல் ரஷ்ய ஆய்வாளர்கள் மாஸ்கோவின் மீன்தொட்டிப் பவளவகைகளில் இத்தகைய புரதங்களைக் கண்டறிந்தார்கள். டிஸ்கோசோமாவிலிருந்து எடுக்கப்பட்ட சிவப்புப் புரதம் அன்றுமுதல் உலகெங்கும் உயிரணு ஆய்வகங்களில் ஒளிர்ந்துகொண்டிருக்கிறது.

2020 மே 20 அன்று ஆம்பன் புயல் கொல்கத்தாவைக் கடந்தது. அந்தத் தெருவில் நான்கு நாள் மின்சாரம் இல்லை. கடல்தொட்டிக்கு மின்வெட்டு என்பது மூச்சுத்திணறல்: நீரோட்டம் நின்றால் உயிர்வளி கரையாது, குளிர்விப்பான் நின்றால் நீர் சூடேறும். பேட்டரியில் ஓடும் காற்றுக்குழாய் முதல் இரவோடு ஓய்ந்தது. பிறகு இருவரும் முறைவைத்துக்கொண்டு, மணிக்கொருமுறை குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினார்கள். இரவு பன்னிரண்டு முதல் நான்கு வரை மனைவியின் முறை. மூன்றாம் நாள் மீன்களில் பாதி போயிற்று, மென்பவளம் அழுகிற்று. டிஸ்கோசோமாவில் ஐந்து தட்டுகள் சுருங்கிப்போய்ப் பிழைத்தன. அடுத்த மூன்றாண்டுகளில் அவை பதினான்காயின. அவற்றின்மேல் அவ்விருவருக்கும் இருந்தது வெறும் பொழுதுபோக்கு ஆசையன்று.

2023 பூஜை விடுமுறையில் அவர் புதிய எல்.இ.டி. விளக்கு வாங்கினார். வெள்ளைக்கும் நீலத்துக்கும் தனித்தனிப் பொத்தான்கள். இனி நாள் முழுவதும் பெரும்பாலும் நீலம் என்று முடிவு செய்தார். பழைய விளக்கின் அடியில் தட்டுகள் நன்றாக இருந்தன, ஆகவே அதே அளவு ஒளியைக் கொடுப்போம் என்று லக்ஸ்மானியை நீர்ப்பரப்பின் மேல் பிடித்து அளந்தார். நீலம் மிகக் குறைவாகக் காட்டியது. கண்ணுக்கும் அது மங்கலாகவே இருந்தது. எண்கள் பொருந்தும்வரை கூட்டிக்கொண்டே போனார். பொத்தான் ஏறத்தாழ முழு அளவில் வந்து நின்றது.

பொறியாளர் ஒருவர் அளந்து செய்த பிழை இது. லக்ஸ் என்ற அலகுக்குள் மனிதக் கண் உட்கார்ந்திருக்கிறது. நம் கண் 555 நானோமீட்டரை ஒட்டிய பசுமஞ்சளை மிகுதியாக உணரும். 450 நானோமீட்டர் நீலத்தை, அதே ஆற்றலுக்கு, அதில் 25இல் ஒரு பங்கு அளவே உணரும். லக்ஸ்மானி நீலத்தை அந்த விகிதத்திலேயே தள்ளுபடி செய்து எண்ணைக் காட்டுகிறது. பாசிக்கு அந்தத் தள்ளுபடி தெரியாது. அதன் பச்சையமும் பெரிடினினும் நீலத்தை வாரி உண்பதற்கென்றே அமைந்தவை. மனிதனுக்கு அரையிருள், பாசிக்கு உச்சிவெயில். இதற்கென்று 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்களை எண்ணும் வேறு மானி உண்டு. அதன் விலை விளக்கின் விலையை எட்டும் என்பதால் வீட்டுத்தொட்டி வைத்திருப்போரில் பலர் வாங்குவதில்லை. டிஸ்கோசோமா, பாறை நிழலில் மங்கிய ஒளியில் வாழப் பழகிய உயிர்.

ஐந்து வாரம் தொட்டி அழகாக இருந்தது. முன்னெப்போதையும்விட அழகாக இருந்தது என்பதுதான் கொடுமை. பச்சைக் கோடுகள் எரிந்தன. அவர் படமெடுத்துப் பழைய அலுவலக நண்பர்களுக்கு அனுப்பினார்.

மனைவிக்கு ஒரு பழக்கம். ஆண்டில் இரண்டு மூன்று முறை தொட்டியின் முன் அமர்ந்து நீர்வண்ணத்தில் அதை வரைவார். வரையும்போது மட்டும் வெள்ளை விளக்கு, அதில் விட்டுக்கொடுத்தல் இல்லை. டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி அமர்ந்தார். அரைமணி கழித்துத் தட்டில் பர்ன்ட் அம்பர் கரைத்தது கரைத்தபடியே இருப்பதைக் கவனித்தார். முந்தைய ஆண்டு ஓவியத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அதில் தட்டுகளின் அடியெல்லாம் அந்தப் பழுப்புதான். இந்த ஓவியத்தில் அந்த இடங்களில் அவர் கை தானாகவே தாளை வெறுமையாக விட்டிருந்தது. நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது வண்ணம் தீட்டாத தாள்.

அவர் கணவரைக் கூப்பிடவில்லை. முதலில் நீலத்தின் பொத்தானைப் பாதிக்கும் கீழே இறக்கினார், பிறகு கூப்பிட்டார்.

பழுப்பு நிறத்துப் பாசிகள் வெளியேறிவிட்டிருந்தன. பாசியின் திரை விலகியதால்தான் அடியிலிருந்த பச்சை அப்படிச் சுடர்ந்தது. இது தொட்டியில் மட்டும் நிகழ்வதன்று. கடலிலும் சில பவளத்திட்டுகள் வெளிறும்போது வெள்ளையாகாமல் கண்ணைப் பறிக்கும் நீலமும் ஊதாவும் மஞ்சளுமாக மாறுகின்றன. 2020இல் சவுத்தாம்ப்டன் ஆய்வுக்குழு இதை விளக்கியது: பாசி குறைந்ததும் திசுவுக்குள் ஒளி பெருகுகிறது, அந்த ஒளியைத் தடுக்கப் பவளம் நிறப்புரதத்தை மேலும் சுரக்கிறது. வெயிலுக்குக் கையைக் குடையாகப் பிடிப்பது போன்றது அது. கரையிலிருந்து பார்ப்பவர் அதைப் பூத்திருப்பதாக எண்ணலாம்.

வெளிறுதல் என்ற தமிழ்ச்சொல் இங்கே ஆங்கிலச் சொல்லைவிடக் கூர்மையானது. ஆங்கிலத்தில் அது துணி வெளுக்கும் காரத்தின் பெயர். தமிழில் வெள்ளை, வெள்ளி, வெளிச்சம், வெளிறு எல்லாம் 'வெள்' என்ற ஒரே வேரின் கிளைகள். வெளிறு என்பதற்குப் பழைய நூல்களில் அறியாமை என்றும் பொருள். வைரம் பாயாத மரத்தின் உட்பகுதிக்கும் அதுவே பெயர். நோயைக் காட்டிக்கொடுத்த வெளிச்சமும், நோயும், அதை அறியாதிருந்த நிலையும் ஒரே குடும்பத்துச் சொற்கள்.

அன்று இரவு அவர் வாதத்துக்கு வரவில்லை. வந்திருந்தால் ஒன்று சொல்லியிருக்கலாம்: அந்த விளக்கின் 'வெள்ளை'யும் நீலம்தான். வெள்ளை எல்.இ.டி. எனப்படுவது நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சு பூசியது. 2014இல் நோபல் பரிசு பெற்ற நீல டையோடு இல்லாமல் அது இல்லை. நீலத்தில் ஒரு பகுதி பூச்சைக் கடந்து வருகிறது, மறுபகுதி மஞ்சளாகிறது, இரண்டும் கலந்ததைக் கண் வெள்ளை என்கிறது. மனைவி பல ஆண்டுகளாக எந்த விளக்கின் பக்கம் நின்றாரோ அதுவும் உடனொளிர்தலால் எரிவதே. ஆகவே வெள்ளை உண்மை, நீலம் பொய் என்று தீர்ப்பெழுத முடியாது. தீங்கு செய்தது நிறமன்று, அளவு. ஆனால் அளவு மிஞ்சியதை மறைத்தது நிறம்தான்.

ஜனவரியில் அவர்கள் துவாரகைக்குப் போனார்கள். ஜாம்நகரிலிருந்து போகும் வழியில் நராரா. இந்தியாவின் முதல் கடல்சார் தேசியப் பூங்காவான கட்ச் வளைகுடாப் பூங்காவின் ஒரு பகுதி அது. வற்றத்தின்போது வனத்துறையின் வழிகாட்டியோடு, கணுக்கால் நீரில் நடந்தே பவளத்தைப் பார்க்கலாம். பட்டப்பகல், கலங்கிய நீர், மேலே வெறும் குஜராத் வெயில். பவளங்கள் சேற்றுப் பழுப்பாகவும் பாசிப்பச்சையாகவும் இருந்தன. உடன் வந்த பயணிகள் ஏமாந்துபோய் நண்டையும் ஆக்டோபஸையும் தேடிப் போனார்கள். கணவர் மட்டும் நெடுநேரம் குனிந்து நின்றார். இயற்கை எது என்ற வாதத்தில் அவர் சொன்ன நீலமும் இங்கே இல்லை. அது பதினைந்து இருபது மீட்டர் ஆழத்து இயற்கை.

திரும்பி வந்தபோது பதினான்கில் ஆறு தட்டுகள் கரைந்துபோயிருந்தன. எட்டு இருந்தன. இப்போது காலை பத்து முதல் மாலை ஐந்து வரை வெள்ளை மிகுந்த மிதமான ஒளி; அதன்பின் ஒரு மணிநேரம், தாழ்ந்த அளவில், நீலம். நண்பர் ஒருவரிடம் அளவுமானியை இரவல் வாங்கி அந்த அளவுகளை ஒரு தாளில் எழுதி விளக்கின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறார். 2024 மே மாதம் லட்சத்தீவுப் பவளங்கள் பெருமளவில் வெளிறியதாக நாளிதழில் செய்தி வந்த அன்று அவர் நீலத்தை எரிக்கவில்லை. காரணம் சொல்லவில்லை, மனைவியும் கேட்கவில்லை.

பழுப்பு என்ற சொல் தமிழில் இலையோடு சேர்ந்தது, முற்றி உதிரப்போவதன் நிறம். இந்தத் தொட்டியில் அது மறுதலை. ஜூன் கடைசியில், பாறையின் பின்புறத்தில் ஒளி குறைவாக விழும் இடத்தில் இருந்த மூன்று தட்டுகளின் அடியில் மெல்லிய பழுப்பு ஏறத் தொடங்கியது. மனைவி வண்ணப்பெட்டியைத் திறந்தார். பர்ன்ட் அம்பர் குழாய் காய்ந்திருந்தது. கணவர் குடையை எடுத்துக்கொண்டு வேறொன்று வாங்கிவரக் கீழே இறங்கினார்.