பத்தாம் அரங்கின் மேல்தளத்தில்

ஜெர்மனியின் கொலோன் நகரில், மெஸ்ஸே டாய்ட்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கியவர் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. கூட்டமே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். 2009 முதல் ஆகஸ்ட் மாதங்களில் இங்கு நடக்கும் கேம்ஸ்காம், உலகின் மிகப் பெரிய வீடியோ கேம் கண்காட்சிகளில் ஒன்று. பெரிய நிறுவனங்களின் அரங்குகளில், வெளிவராத ஒரு கேமைச் சில நிமிடம் ஆடிப்பார்ப்பதற்காக இளைஞர்கள் மணிக்கணக்கில் தரையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். அவர்களைக் கடந்து, நகரும் படிக்கட்டில் ஏறிப் பத்தாம் அரங்கின் மேல்தளத்துக்குப் போனேன். ஓரிருவராகவோ சிறு குழுவாகவோ கேம் செய்கிற இண்டி டெவலப்பர்கள் மேசை போட்டிருப்பது அங்கேதான்.

ஒரு கேள்வியோடுதான் போயிருந்தேன். கணினி கேம்களுக்கான பெரிய இணையக் கடையான ஸ்டீமில் 2024ஆம் ஆண்டு மட்டும் 18,000க்கும் மேற்பட்ட கேம்கள் வெளியாயின. நாளொன்றுக்குச் சுமார் ஐம்பது. விளம்பரப் பணம் இல்லாத ஒருவர் அந்த ஐம்பதுக்குள் எப்படிக் கண்ணில் படுகிறார்?

மேல்தளத்தில் முதலில் என் கவனத்துக்கு வந்தது, எல்லா மேசைகளிலும் இருந்த ஒரே வாசகம். கேமின் படம், ஒரு க்யூஆர் கோடு, அதன் கீழே ‘விஷ்லிஸ்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்’. பிறகு வாங்க நினைக்கும் கேம்களை ஸ்டீமில் குறித்துவைக்கும் பட்டியல்தான் விஷ்லிஸ்ட். ‘வாங்குங்கள்’ என்று எழுதிய பலகை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

பழைய ரேடியோக்களைப் பழுதுபார்க்கும் புதிர் கேம் ஒன்றின் முன் நின்றேன். அக்காவும் தம்பியுமாக மூன்று ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள். தம்பி இசையையும் படங்களையும் பார்த்துக்கொள்ள, அக்கா நிரல் எழுதுகிறார். “வாங்கச் சொல்லாமல் விஷ்லிஸ்டில் சேர்க்கச் சொல்கிறீர்களே, ஏன்?” என்று கேட்டேன்.

“கேம் இன்னும் வெளிவரவில்லை. இன்று இது பிடித்துப்போனவர் அடுத்த வாரம் பெயரையே மறந்துவிடுவார். விஷ்லிஸ்டில் சேர்த்தால், வெளியாகும் நாளில் கடையே அவருக்கு மின்னஞ்சல் அனுப்பும். பிறகு இருபது சதவீதமோ அதற்கு மேலோ தள்ளுபடி கொடுத்தால் மறுபடியும் அனுப்பும்” என்றார் அக்கா.

அதற்கு மேலும் ஒரு பயன் இருக்கிறது. ஸ்டீமின் முகப்பில், விரைவில் வெளிவரவிருக்கும் பிரபலமான கேம்களுக்கென்று ஒரு பட்டியல் உண்டு. போதுமான விஷ்லிஸ்ட் சேர்ந்த கேம்தான் வெளியீட்டுக்கு முந்தைய நாட்களில் அதில் இடம்பிடிக்கும். எத்தனை சேர வேண்டும் என்று கடை எங்கும் எழுதி வைக்கவில்லை. ஏழாயிரம் என்பது டெவலப்பர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் கணக்கு. கேமின் பக்கத்தை வெளியீட்டுக்கு இரண்டு வாரம் முன்பாவது திறந்தாக வேண்டும் என்பது கடையின் விதி. இவர்கள் பதினான்கு மாதம் முன்பே திறந்துவிட்டார்கள்.

தம்பி மடிக்கணினியைத் திருப்பி அந்தப் பக்கத்தைக் காட்டினார். “இதுதான் எங்கள் கடைவாசல்” என்று சிறிய செவ்வகப் படம் ஒன்றைத் தொட்டார். கேப்சூல் என்று அழைக்கப்படும் இந்தப் படம்தான் பட்டியல்களிலும் தேடலிலும் தெரிவது. விரல் நகர்கிற வேகத்தில், பெயரும் படிக்கப்பட வேண்டும், என்ன வகைக் கேம் என்பதும் புரிய வேண்டும். மதிப்பெண், விருது, தள்ளுபடி என்று எதையும் அதில் எழுதக்கூடாதென்று 2022 செப்டம்பர் முதல் விதி இருக்கிறது. ஆகவே ஓவியமே எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். முதல் படத்தைத் தம்பியே வரைந்திருந்தார். பிறகு தொழில்முறை ஓவியர் ஒருவருக்குப் பணம் கொடுத்து மாற்றினார்கள். அவர்கள் செய்த பெரிய செலவுகளில் அதுவும் ஒன்று. ட்ரெய்லரையும் வெட்டி ஒட்டினார்கள். முன்பு முதல் பத்து நொடி பெயர்களே ஓடும். இப்போது முதல் நொடியிலேயே ஒரு கை ரேடியோவைத் திறக்கிறது.

அடுத்து டேக்குகள். ‘புதிர்’, ‘நிதானமானது’, ‘கையால் வரைந்தது’ போன்ற இந்த அடையாளச் சொற்களைப் பார்த்துத்தான், எந்தக் கேமை யாருக்குக் காட்டுவது, எந்தக் கேமின் பக்கத்தில் ‘இதைப் போன்றவை’ என்று வைப்பது என்பதைக் கடை பெருமளவு முடிவு செய்கிறது. சில காட்சிகள் இருட்டில் நடப்பதால் தொடக்கத்தில் ‘திகில்’ என்றும் ஒரு டேக் போட்டிருந்தார்கள்.

“நிறையப் பேர் வந்தார்கள். வந்த வேகத்தில் போய்விட்டார்கள்” என்றார் அக்கா. “அவர்கள் தேடி வந்தது வேறு. எங்களைத் தேடுகிறவர்கள் வேறெங்கோ இருந்தார்கள். அந்த டேக்கை எடுத்தபோது கூட்டம் குறைந்தது, விஷ்லிஸ்ட் கூடியது.”

“பணம் கட்டி முகப்பில் இடம் வாங்க முடியாதா?”

“முடியாது. ஸ்டீம் அப்படி இடம் விற்பதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அது நல்லதுதான்.”

கேமுக்கு நூறு டாலர் கட்டினால் யாரும் ஸ்டீமில் கடைபோடலாம் என்ற முறை 2017இல் வந்தது. கதவு திறந்ததால்தான் இந்த அக்காவும் தம்பியும் உள்ளே வர முடிந்தது. அதே கதவு வழியாக வந்தவைதான் அந்தப் பதினெட்டாயிரமும். இந்தக் கூட்டத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் கேம்களின் பின்னால் எத்தனை ஆண்டு உழைப்பு இருக்கும் என்று நினைத்தபோது எனக்கு மனம் கனத்தது.

ஆண்டுக்கு மூன்று முறை ஸ்டீம் நடத்தும் ‘நெக்ஸ்ட் ஃபெஸ்ட்’ இவர்களுக்குத் திருவிழா மாதிரி. வெளிவராத கேம்களின் டெமோக்களை அந்த ஒரு வாரம் யாரும் இலவசமாக ஆடலாம். ஆனால் ஒரு கேம் ஒரே ஒருமுறைதான் பங்கெடுக்க முடியும். பிப்ரவரியில் கலந்துகொள்ள இருந்தவர்கள், டெமோ பக்குவப்படவில்லை என்று அக்டோபருக்குத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். இந்த மேசை அதற்கான ஒத்திகை.

அதற்குள் ஒரு பையன் வந்து உட்கார்ந்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆடத் தொடங்கியவன், மூன்றாவது ரேடியோவில் சிக்கிக்கொண்டான். திருகினான், பின்வாங்கினான், மறுபடியும் திருகினான். பின்னால் நின்ற அக்கா வாயைத் திறக்கவேயில்லை. ஒரு நோட்டில் ஏதோ குறித்தார். அவன் போனபின், “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

“வீட்டில் ஆடுகிறவர் பக்கத்தில் நான் இருக்க மாட்டேனே.”

நான் தேடிப்போன பதிலின் பெரும்பகுதி அந்த ஒரு வரியில் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லாமலே கேம் ஒருவருக்குப் பிடித்துப்போக வேண்டும். கடையின் கணக்குமுறை தனக்குள்ளிருந்து ரசிகர்களை உருவாக்கித் தருவதில்லை. ஏற்கெனவே சிலருக்குப் பிடித்துப்போனதைப் பார்த்து, அவர்களைப் போன்ற வேறு சிலருக்குக் கொண்டுபோகிறது. ‘அமங் அஸ்’ என்ற கேம் 2018இல் வந்தபோது பெரும்பாலோர் கண்ணில் படவில்லை. 2020இல் நேரலையில் கேம் ஆடுகிறவர்கள் எடுத்து ஆடிய பிறகே உலகம் முழுக்கப் பரவியது. அதைத் தூக்கிவிட்டது கடையல்ல, வந்துசேர்ந்த மனிதர்கள்.

நான் தமிழன் என்று அறிந்ததும் தம்பி ‘வெண்பா’வைப் பற்றிப் பேசினார். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்து அம்மாவின் சமையலறையில் நடக்கும் அந்தக் கேம், டொரண்டோவின் சிறு குழு ஒன்று செய்தது. 2023இல் வெளியாகி, மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுகக் கேம் விருதைப் பெற்றது. “இட்லி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அம்மாவை எனக்குத் தெரியும்” என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது.

மாலையில் அரங்கு மூடும் அறிவிப்பு வந்தது. இன்று எத்தனை பேர் சேர்த்தார்கள் என்று கேட்டேன். கடையின் கணக்கு நாளைதான் தெரியும் என்று நோட்டை நீட்டினார் அக்கா. நாற்பத்தொரு கோடுகள். கடைசிவரை ஆடிமுடித்தவர்கள். மூன்றாவது ரேடியோவில் நின்றவர்களுக்குத் தனிப் பக்கம். “இன்று ராத்திரி அந்தத் திருகை மாற்றிவிடுவோம்.”

விடைபெறும்போது, என்னால் ஆகக்கூடியது ஏதாவது உண்டா என்றேன். “உங்களுக்குப் பிடித்த சின்னக் கேம்களுக்கு இரண்டு வரி ரிவ்யூ எழுதுங்கள். பத்து ரிவ்யூ சேர்ந்தால்தான் ஒரு கேமுக்கு மதிப்பீடே தெரியும். எங்களிடம் இலவசமாகப் பெற்றவர்கள் எழுதினால் அந்த மதிப்பீட்டில் சேராது. காசு கொடுத்து வாங்கியவர்தான் எழுத வேண்டும்.”

திரும்பும் ரயிலில் கைப்பேசியில் என் கணக்கைத் திறந்தேன். மனம் நிறைய ஆடிமுடித்த சிறிய கேம்கள் பல இருந்தன. ஒன்றுக்குக்கூட நான் எதுவும் எழுதியிருக்கவில்லை. அவற்றில் ஒன்றுக்கு ஏழே ரிவ்யூக்கள். எட்டாவதை எழுதத் தொடங்கினேன்.