எல்லோருக்கும் மல்லிகைதானா?

புடவைக் கடையில் நாம் எத்தனை கேள்வி கேட்கிறோம்! இந்த நிறம் எனக்கு எடுக்குமா, கரை ரொம்ப அகலமோ, என் வயசுக்கு ஏற்றதா என்று பத்துப் புடவையைப் பிரித்துப் போடச் சொல்கிறோம். ஆனால் வாசனை என்று வரும்போது மட்டும் யோசிப்பதே இல்லை. மல்லிகை, ரோஜா, தாழம்பூ, இவற்றில் ஏதோ ஒன்று. பெண் என்றால் பூ மணக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம்!

எனக்கும் மல்லிகை என்றால் உயிர்தான். ஆனால் பூவே கலக்காத வாசனைகளும் உலகத்தில் உண்டு, அவை சில பெண்களுக்கு அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரிப் பொருந்திவிடும் என்று எனக்குக் காட்டியவர் என் மூத்த நாத்தனார்.

அக்காவின் கணவர் ரயில்வேயில் இருந்தார். அஸ்ஸாமில் லம்டிங் என்ற ஊரில் பல வருஷம் குடித்தனம். அவர் திடீரென்று காலமானதும், அக்கா இரண்டு குழந்தைகளோடு இங்கே வந்து சேர்ந்தார். ரயில்வேயிலேயே வேலையும் கிடைத்தது. அங்கிருந்து கொண்டு வந்த டிரங்குப் பெட்டியில், துணிகளுக்கு நடுவே சுண்டு விரல் உயரத்தில் ஒரு சீசா. உள்ளே கருத்த தேன் மாதிரி எண்ணெய்.

"அகர் அத்தர். நம்ம பழைய பாட்டுலெல்லாம் அகில்னு வருமே, அதுதான்" என்றார்.

முகர்ந்து பார்த்தேன். முதலில் மாட்டுக் கொட்டகை நினைவு வந்தது. பிறகு நனைந்த மரம், பழைய தோல் பை, ஏதோ கஷாயம்! "இதையா பூசிக்கறீங்க?" என்று கேட்டேவிட்டேன். "அவசரப்படாதே, அரை மணி கழிச்சுப் பாரு" என்றார். அரை மணி கழித்து அக்கா மணிக்கட்டை நீட்டியபோது கொட்டகையைக் காணோம். மெல்லிய புகையும் தேனுமாக, கோயில் உள் பிராகாரத்தில் நிற்பது போன்ற ஒரு வாசனை. சாயங்காலம் வரை அது போகவில்லை.

இந்த அகிலின் கதையே விசித்திரமானது. நல்ல ஆரோக்கியமான அகர் மரத்துக்கு வாசனையே கிடையாது. கட்டை வெளிறி, லேசாக இருக்கும். பூச்சி துளைத்தோ, வெட்டுப்பட்டோ, அந்தக் காயத்தின் வழியாகப் பூஞ்சணம் உள்ளே புகுந்தால், மரம் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு பிசினைச் சுரக்கிறது. வருஷக் கணக்கில் அது ஊறி ஊறி, உள் கட்டை கருத்துக் கனத்துப் போகிறது. உயர்ந்த ரகக் கட்டை தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். அந்தக் கட்டையைச் சீவி, பொடித்து, நாள் கணக்கில் தண்ணீரில் ஊறப் போட்டு, பிறகு காய்ச்சி வடித்து எண்ணெய் எடுக்கிறார்கள். முதலில் வரும் அந்தக் கொட்டகை வாசனைக்கு இந்த நீண்ட ஊறல்தான் காரணம்.

அஸ்ஸாமில் வீட்டுத் தோட்டங்களிலேயே இந்த மரத்தை வளர்க்கிறார்கள். அந்தக் காலத்தில் இதன் பட்டையைப் பதப்படுத்தி ஏடாக்கி, நாம் பனை ஓலையில் எழுதியது போல் அதில் எழுதினார்களாம். அதற்கு சாஞ்சிப்பாத் என்று பெயர். காட்டு மரங்களைக் கண்டபடி வெட்டித் தீர்த்ததால், 1995 முதல் இதன் வெளிநாட்டு வியாபாரத்துக்கு சர்வதேசக் கட்டுப்பாடு வந்துவிட்டது. நமக்கும் அகில் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த சரக்குகளில் அகிலையும் பட்டினப்பாலை சொல்கிறது. பெண்கள் கூந்தலுக்கு அகில் புகை ஊட்டியதைச் சங்கப் பாடல்களில் படிக்கிறோம். இடையில் எப்படியோ நாம் மறந்துவிட்டோம்!

காயம் பட்டால்தான் மணக்கிறது என்றதும், உடனே அதைப் பெண்ணின் வாழ்க்கையோடு ஒப்பிடத் தோன்றும், இல்லையா? அக்காவிடம் அப்படி ஏதோ சொல்லிப் பார்த்தேன். "மரத்தை மரமா விடேன்" என்று சிரித்தார்.

என் கொழுந்தனார் கல்யாணத்துக்கு முதல் நாள். வீடு நிறைய உறவுக்காரர்கள். தாம்பாளங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்த அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், மாமியாரின் மூத்த சகோதரி. மூக்கைச் சுளித்தார்.

"என்னடி இது, ஸென்ட்டா? பூவே வைக்காதவளுக்கு ஸென்ட் என்ன வேண்டிக் கிடக்கு?"

கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. மாமியார் பதறிப்போய், "அது மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்ததுக்கா. அவர் ஞாபகமா ஒரு சொட்டு வச்சுக்கறா" என்றார். பெரியம்மாவின் முகம் இளகிவிட்டது. "அப்படியா, அதுன்னா சரி" என்று உச்சுக் கொட்டினார். விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "இல்லை பெரியம்மா. அவருக்கு இந்த வாசனையே ஆகாது, ஜன்னலைத் திறந்து வச்சிடுவார். நானா வாங்கினதுதான். எனக்குப் பிடிக்கும், அதான் போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த தாம்பாளத்தை எடுத்தார்.

பெரியம்மா கல்யாணம் முடியும் வரை அவரோடு பேசவில்லை. என் மாமியாருக்கும் வருத்தம்தான். "சும்மா தலையை ஆட்டியிருக்கக் கூடாதா?" என்று இரவு என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். ஆனால் சில மாதம் கழித்து உறவில் ஒரு பையன் கௌஹாத்திக்குப் போகிறான் என்று தெரிந்ததும், அஞ்சறைப் பெட்டியிலிருந்து பணத்தை எடுத்து அவன் கையில் திணித்தவரும் அவர்தான். "அந்தக் கறுப்பு அத்தர், உங்கக்காவுக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நான் அதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். கணவர் ஞாபகம் என்றால் அனுமதி, தனக்குப் பிடித்தது என்றால் குற்றம்! கணவரோடு வாழும் நாம் மட்டும் என்ன? "அவருக்குப் பிடிக்கும்", "குழந்தைகளுக்குப் பிடிக்கும்" என்று சொல்லிச் சொல்லி, "எனக்குப் பிடிக்கும்" என்று ஒரு வாக்கியம் இருப்பதையே மறந்துவிடுகிறோம்.

சரி, இந்த வாசனை யாருக்குப் பொருந்தும்? நிறமும் வயதும் முக்கியமல்ல, சுபாவம்தான் முக்கியம். பார்த்தவுடனே எல்லோருக்கும் பிடித்துப்போக வேண்டும் என்று தவிக்காதவர்கள், குறைவாகப் பேசி, பேசியதில் நிற்பவர்கள், பழகப் பழக நெருங்குகிறவர்கள், இவர்களுக்கு அகில் அழகு. கலகலவென்று நாலு பேரைச் சிரிக்க வைக்கும் பெண்ணுக்கு மல்லிகையும் தாழம்பூவும்தான் எடுக்கும். நான் இரண்டாவது ரகம்! அகில் கனமாகத் தெரிந்தால் வெட்டிவேர் அத்தர் இருக்கிறது. மண் அத்தர் என்றும் ஒன்று உண்டு. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில், சுட்ட மண்ணைச் செப்பு அண்டாவில் இட்டுக் காய்ச்சி, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குகிறார்கள். முதல் மழை மண்ணில் விழுந்த வாசனை அப்படியே இருக்கும்.

வாங்குகிறவர்களுக்குச் சில யோசனைகள்:

அசல் அகர் எண்ணெய் மிகவும் விலை உயர்ந்தது. மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் கலப்புதான். கடையில் முகர்ந்தவுடன் முடிவு செய்யாமல், கையில் தொட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வந்து வாங்குங்கள்.

முதலில் முழங்கையின் உட்புறம் துளி தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் வேண்டாம்.

அரிசி மணியளவு போதும். மணிக்கட்டில் அல்லது காதின் பின்புறம் தொட்டுக்கொள்ளுங்கள். பட்டுப் புடவையில் பட்டால் கறை போகாது.

கைக்குழந்தைக்கு எந்த அத்தரும் தடவ வேண்டாம். பால் கொடுக்கும் தாய்மார்கள் கழுத்து, மார்புப் பக்கம் பூசாமல் இருப்பது நல்லது. குழந்தையைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணியோ அகிலோ புகை காட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அந்தப் பிஞ்சு நுரையீரலுக்குப் புகை ஆகாது. ஆஸ்துமாக்காரர்கள் உள்ள வீட்டிலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

சீசாவை வெயில் படாமல், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது, வழக்கமான சீசாவைக் கேட்கும் முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். நாலைந்தை முகர்ந்து பாருங்கள். யாருக்குப் பிடிக்கும் என்ற கணக்கைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் மூக்கைக் கேளுங்கள். அது மல்லிகை என்றே சொன்னாலும் சரி, அதுவும் நீங்களாகத் தேர்ந்தெடுத்த மல்லிகைதானே!