கதவைத் தட்டிய பையன்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டு மாதமாக ஞாயிறு காலையில் ஒரு பெண் என்னிடம் ‘மேக்பெத்’ படிக்க வருகிறாள். கல்லூரியில் ஆங்கில இலக்கியம். கதை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மூன்று சூனியக்காரிகள் சொன்ன ஆரூடத்தை நம்பி, மனைவியும் தூண்டிவிட, தன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த டங்கன் மன்னனைத் தூக்கத்திலேயே கொன்றுவிடுகிறான் தளபதி மேக்பெத். சரித்திரத்தில் அப்படி நடக்கவில்லை. நிஜ டங்கன் 1040இல் போர்க்களத்தில் செத்தான், நிஜ மேக்பெத் அதன் பிறகு 17 வருஷம் ஆண்டான். போர்ச் சாவை வீட்டுக்குள் நடக்கும் கொலையாக மாற்றியதில்தான் நாடகமே இருக்கிறது. நம் பம்மல் சம்பந்த முதலியாரும் இதை ‘மகபதி’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார்.

கொலை முடிந்து கையெல்லாம் ரத்தமாக நிற்கும்போது வெளியே யாரோ கதவைத் தட்டுவார்கள். தட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சத்தம் ஏன் இப்படி நெஞ்சைப் பிசைகிறது என்று டி குவின்சி என்பவர் 1823இல் ஒரு கட்டுரையே எழுதினார். கொலையின்போது நின்றுபோன உலகம் மறுபடி நடக்கத் தொடங்கும் சத்தம் அது என்பார். எனக்கு அது வேறு சத்தம்.

தொண்ணூறுகளில், மாவட்ட நாடகப் போட்டிக்காக மேக்பெத்தை 25 நிமிடத் தமிழ் நாடகமாக வெட்டி எழுதினேன். பிளஸ் ஒன் பையன் ஒருவன், பழவேற்காடு பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவான், மேக்பெத்தாக மூன்று வாரம் ஒத்திகை பார்த்தான். கூத்துக்காரர் வீட்டுப் பையன், குரல் கணீரென்று இருக்கும். அப்போது ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர், உடை, ஒப்பனை, வேன் செலவெல்லாம் தன் பொறுப்பு என்றார். அவர் மகனும் அந்த வகுப்புதான். அவர் எதையும் கேட்கவில்லை. நானாகத்தான் வேஷத்தை மாற்றிக் கொடுத்தேன். பரிசு வந்தால் என் பெயர் மேலே போகும், நல்லாசிரியர் விருதுக்கு உதவும் என்ற கணக்கு. சூனியக்காரி யாரும் வந்து சொல்லவில்லை.

அந்தப் பையனைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தேன். மறந்த வசனத்தை எடுத்துக் கொடுப்பதும், கொலைக் காட்சியில் பெஞ்சைத் தட்டுவதும் அவன் வேலை. தட்டினான் பாருங்கள், கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. இரண்டாம் பரிசு கிடைத்தது. விருது வரவில்லை.

திரௌபதி அம்மன் திருவிழாப் படுகளத்தில் மண்ணால் செய்து படுக்க வைக்கிற துரியோதனனுக்கு, செத்து விழும்வரை குற்ற உணர்ச்சி கிடையாது. கர்ண மோட்சத்தில் அழுகிறவள் குந்திதான், வாயைத் திறக்க வேண்டிய நாளில் திறக்காதவள். வயதாக ஆக எனக்கு மேக்பெத்தைவிட அவள்தான் நெருக்கமாகத் தெரிகிறாள்.

போன வருஷம் பொன்னேரி ஸ்டேஷனில், கும்மிடிப்பூண்டி ரயிலுக்காக ஷிஃப்ட் பையோடு நின்ற ஒருவர் என் காலைத் தொட்டார். தலை நரைத்திருந்தது.

“சார், என்னைத் தெரியுதா? மேக்பெத்துல கதவு தட்டுனது நான்தான். எம் பொண்ணுகிட்ட அடிக்கடி சொல்லுவேன். எனக்கு இன்னும் முழு வசனமும் மனப்பாடம் சார்.”

முகத்தில் அத்தனை சந்தோஷம். சிப்காட்டில் வேலை என்றார். நான் “நல்லா இருப்பா” என்று மட்டும் சொன்னேன். ரயில் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வருகிற பெண் அவர் மகள்தான். காசு வாங்குவதில்லை, அதற்குக் காரணமும் சொல்லவில்லை. வரும் வாரம் இரண்டாம் அங்கம், கதவு தட்டும் இடம். அதற்குள் அவளுடைய அப்பா இந்தப் பதிவைப் படித்துவிட வேண்டும் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். தம்பி, அந்த வேஷம் உன்னுடையது. முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை நீயும் கூட வா.