மடுவுக்கு வராத படம்

2015 தை 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் மடு மாதா கோயிலுக்கு வந்தார். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தோடு அன்று அங்கே போக விரும்பிய ஒரு தாயை நான் தடுத்தேன். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லியாயிற்று. ஆனால் தடுத்த அந்தச் சொல்லை நான் பஸ்ஸடியில், பலர் கேட்கத்தான் சொன்னேன். அதனால் ஊரறியவும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கண்டாவளையிலிருந்து போன பஸ்ஸை ஒழுங்குபடுத்தியவன் நான். அந்த அக்கா எங்கள் அயல். 2009 வைகாசியில் வட்டுவாகலில் மகனை இராணுவத்திடம் கையளித்தவர். அவன் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு நிற்கும் படம் அது. இடம்பெயர்ந்த இடமெல்லாம் கொண்டு திரிந்ததில் லமினேற் ஒரு மூலையில் பிரிந்து, உள்ளே தண்ணீர் போய், தோள்பட்டைப் பக்கம் மஞ்சளாகப் பூத்திருந்தது. சொப்பிங் பையில் சுற்றி, செபமாலையோடு கைப்பைக்குள் வைத்திருந்தா.

“தம்பி, இதைப் பாப்பரசர் காணுற மாதிரிப் பிடிக்கலாமோ?”

“அக்கா, அங்கை ஆமி பொலிஸ் எல்லாம் நிக்கும். வீட்டை வைச்சிட்டு வாங்கோ.”

ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய் வைத்துவிட்டு வந்தா.

ஆட்சி மாறி ஒரு கிழமைகூட ஆகாத நேரம். பயப்படக் காரணம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் என் பயம் அவவுக்காக அல்ல. பெயர்ப்பட்டியல் என் கையெழுத்தில் இருந்தது. நாளைக்கு விசாரணை வந்தால் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள் என்று நினைத்தேன். அதை மறைத்து, அவவின் நன்மைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். என் பாவம் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

அன்று காலை காலிமுகத்திடலில் யோசப் வாஸ் அடிகளைப் புனிதராக உயர்த்திவிட்டு, பிற்பகல் ஹெலியில் மடுவுக்கு வந்தார் பாப்பரசர். செய்த தீமையை உண்மையாக உணர்ந்து மனம் வருந்தினால்தான் மன்னிப்பைக் கேட்கவும் கொடுக்கவும் முடியும் என்ற கருத்தில் பேசினார். இது போர் செய்தவர்களுக்கான பேச்சு என்று எண்ணிக்கொண்டு கேட்டேன்.

2017 மாசியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் போராட்டம் தொடங்கியபோது அக்கா அந்தப் படத்தோடு போய் இருந்தா. நான் பஸ்ஸில் அவ்வழியால் போகும்போதெல்லாம் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போனேன்.

2025 சித்திரை 21, உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள், பாப்பரசர் இறந்தார். ஆறு வருடங்களுக்கு முன் அதே திகதியில்தான் எங்கள் நாட்டுக் கோயில்களில் குண்டு வெடித்தது. நினைவுத் திருப்பலி முடிவில் அவருடைய வாழ்க்கையைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டார்கள். அதற்காக வாசித்தபோதுதான் எஸ்தர் பாலஸ்த்ரீனோ என்ற பெயரைக் கண்டேன்.

பரகுவே நாட்டுப் பெண். பின்னாளில் பாப்பரசர் பிரான்சிஸ் ஆன இளைஞன் பெர்கோலியோ புவனோஸ் அயர்ஸில் இரசாயன ஆய்வுகூடத்தில் வேலை செய்தபோது அவருக்கு மேலாளர். ஆர்ஜென்ரீனாவின் இராணுவ ஆட்சியில் எஸ்தரின் மகளைக் கடத்தினார்கள். மகள் திரும்பி வந்தாள். ஆனாலும் எஸ்தர் ஒதுங்கவில்லை; காணாமல் ஆக்கப்பட்ட மற்றவர்களின் பிள்ளைகளுக்காகப் போராடிய மே சதுக்கத் தாய்மாரோடு நின்றார். 1977 மார்கழியில் ஒரு கோயிலடியில் வைத்து அவரையும் பிடித்துப்போய் விமானத்திலிருந்து கடலில் எறிந்தார்கள். கரையொதுங்கிப் பெயரில்லாத குழியில் கிடந்த எலும்புகள் 2005இல்தான் அடையாளம் காணப்பட்டன. அவரைப் பிடித்த அந்தக் கோயில் வளவிலேயே அடக்கம் செய்ய அனுமதித்தவர், அப்போது பேராயராக இருந்த பெர்கோலியோ.

இராணுவ ஆட்சிக் காலத்தில் அவர் போதிய அளவு செய்தாரா என்ற கேள்வி கடைசிவரை அவரைத் தொடர்ந்தது. பாப்பரசரான பிறகும் தவறினார்: 2018இல் சிலி நாட்டில் பாலியல் கொடுமைக்கு ஆளானோர் சொன்னதை நம்பாமல், ஆதாரம் கேட்டார். சில மாதங்களில் தான் பாரதூரமாகத் தவறிவிட்டதாக ஆயர்களுக்கு எழுதி, பாதிக்கப்பட்டவர்களைத் தன் இருப்பிடத்துக்கே அழைத்து மன்னிப்புக் கேட்டார். அவர் செய்தவற்றுள் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

ஆக, மகனின் படத்தைக் காட்ட அக்கா தேடிய மனிதர், காணாமல் ஆக்கப்பட்டோரின் நாட்டிலிருந்து வந்தவர். அந்தப் படத்தைக் கண்டிருந்தால் அவருக்கு எவரும் விளக்கம் சொல்லத் தேவைப்பட்டிருக்காது.

கேளுங்கள், அதற்குப் பிறகும் பிழை செய்தேன். எஸ்தரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கோயிலில் அக்கா முன்வரிசையில் இருந்தா. அந்தப் பக்கத்தை வாசிக்காமல் புரட்டிவிட்டேன். லம்பெதூசா அகதிகளைச் சொன்னேன், காசாக் கோயிலுக்கு அவர் இரவுதோறும் தொலைபேசி எடுத்ததைச் சொன்னேன். தூரத்து ஊர்களைப் பற்றிப் பேச எனக்கு வாய் தடுமாறவில்லை.

பிறகொரு பின்னேரம் அக்காவின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அன்று நான் தடுத்ததைப் பற்றி அவ ஒரு சொல்லும் பேசவில்லை. எஸ்தரின் கதையைத்தான் திரும்பச் சொல்லச் சொன்னா. கேட்டு முடித்துவிட்டு, “அவவின்ரை பிள்ளையளுக்கு எலும்பெண்டாலும் கிடைச்சுதே” என்றா.

ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் பஸ் பிடிக்கும் தம்பிமாரே, படத்தோடு வருகிற தாயைத் தடுக்காதீர்கள். கேள்வி வந்தால் உங்கள் பெயரைச் சொல்லுங்கள்; துணைக்கு ஆள் வேண்டுமென்றால் என் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.